மண் வாங்காத பெட்டி

கூவைத்தேரி மண் தன்னுடையது அல்லாத எதையும் வாங்கி வைத்துக்கொள்ளாது, விடிவதற்குள் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடும் என்பது அந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும், தெரிந்த சங்கதியை யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டு திரிவதில்லை என்பதால் வெளியூரில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு தேர்தலுக்கு முன்னால் வேட்பாளர் ஒருவர் வந்து நூலகத்துக்கென்று அடிக்கல் நாட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அந்தக் கல், மாலை வாடாமல், குங்குமம் கலையாமல், அவருடைய வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்திருந்தது. யாரோ அதிகாரிகள் வரிசையாக நட்டுப் படம் எடுத்துக்கொண்டு போன சீமை மரக்கன்றுகள் விடிந்தபோது அவரவர் மேசைமேல் நின்றன. ஊரார் இதற்கெல்லாம் ஆச்சரியப்படவில்லை, வருத்தப்படவும் இல்லை. போய்விடும் என்று தெரிந்தேதான் எல்லாவற்றுக்கும் நன்றாகக் கைதட்டியிருந்தார்கள்.

இந்த விவரம் எதுவும் தெரியாமல்தான் பாளையங்கோட்டை ஞானதிரவியம் ஒரு பங்குனி மாதச் சாயங்காலம் தன்னுடைய வீட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு அந்தச் செம்மணல் மேட்டுக்கு வந்து, குடைவேல மரங்களுக்கு நடுவே, கடல் காற்று வருகிற பக்கமாகக் கதவு இருக்கும்படி நிறுத்தினார். பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்படியும் தண்ணீர்த் தொட்டியும் கக்கூஸும் வைத்துக் கட்டிய வண்டி அது. கக்கூஸுக்கு அடியில் பயணப்பெட்டியைப் போலக் கைப்பிடியும் சக்கரமும் வைத்த கழிவுப்பெட்டி ஒன்று இருந்தது. நீல மருந்தை ஊற்றி வைத்தால் வாடை வராது, நிறைந்தால் உருவி இழுத்துப்போய்க் கொட்டிக்கொள்ளலாம். வண்டியின் முதுகில் பெரிய எழுத்தில் 'தன் கையே தனக்கு உதவி' என்று எழுதியிருந்தது. அந்த வாசகத்துக்கு மட்டும் அவர் பெயின்டரை இரண்டு தடவை வரவழைத்திருந்தார்.

திரவியம் ஆயுசெல்லாம் கக்கூஸ் விற்றவர். வெள்ளை, ரோஸ், இளம்பச்சை என்று கடை நிறைய அடுக்கி வைத்து, ஊரில் பாதி வீட்டுக்கு அவர்தான் பீங்கான் கொடுத்தார். ஆனால் அவருடைய மனைவி தங்கபுஷ்பம் எந்தப் பயணத்திலும் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. கல்யாணமான புதிதில் வேளாங்கண்ணிக்குப் போன பஸ்ஸில் ஆரம்பித்தது அது. பஸ் நின்ற இடத்திலெல்லாம் ஆண்பிள்ளைகள் இறங்கி வேலி ஓரமாக நின்றுவிட்டு வந்தார்கள், பெண்பிள்ளைகள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்; அன்றிலிருந்து கிளம்புகிற நாள் காலையிலேயே அவள் தண்ணீரை நிறுத்திவிடுவாள், குடித்துக்கொள் என்று யார் நீட்டினாலும் "எனக்குத் தாகமில்ல" என்பாள், தலைவலியோடு போய்ச் சேர்ந்து தலைவலியோடு திரும்பி வருவாள். பிறகு அவள் எங்கும் வருவதே இல்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான் தன் கதை என்று திரவியம் தன்னைத் தானே திட்டிக்கொள்வார். கடையை மகனிடம் ஒப்படைத்த அன்று அவர் செய்த முதல் காரியம் இந்த வண்டி. ஓடுகிற பாதையில் அவள் நிம்மதியாகத் தண்ணீர் குடிப்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதற்கு மேல் அவருக்கு வேறு ஆசை இல்லை.

வண்டி நின்றதும் சுடலைவடிவு என்கிற பெண் தேரிக் கிணற்றிலிருந்து ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஊர் எல்லையில் யார் வந்து இறங்கினாலும் முதலில் தண்ணீர் கொடுப்பது அவள் வீட்டுப் பொறுப்பு.

"வாங்க அண்ணாச்சி, வாங்க மதினி. வெயில்ல வந்திருப்பிய, முதல்ல தண்ணி குடிங்க."

"வேண்டாம்மா, எங்ககிட்ட எல்லாம் இருக்கு" என்றார் திரவியம், சிரித்த முகமாகத்தான். சுத்திகரித்த தண்ணீர் தொட்டி நிறைய இருப்பதையும், அரிசி பருப்பு முதல் அடுப்புக்கான கியாஸ் வரை கொண்டுவந்திருப்பதையும், தாங்கள் யாருக்கும் ஒரு தொந்தரவும் தரமாட்டோம் என்பதையும் விளக்கமாகச் சொல்லி, சுவரில் தண்ணீர் அளவு காட்டுகிற சிவப்பு விளக்கைக்கூடப் போட்டுக் காண்பித்தார். சுடலைவடிவு விளக்கைப் பார்த்தாள், வண்டியின் முதுகில் இருந்த எழுத்தைப் பார்த்தாள், சொம்பைப் பார்த்தாள். "சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரை ஒரு பனங்கன்றுக்கு ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் புஷ்பம் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். பயத்தோடு ஒன்று, தைரியமாக ஒன்று. வண்டி வீட்டில் ஊர் சுற்றுகிற வெளிநாட்டுக்காரர்கள் இணையத்தில் போடுகிற படங்களையெல்லாம் பார்த்துத் தேர்ந்திருந்த திரவியம், கிணற்றுக்கு எட்டாத தூரத்தில், முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, பெட்டியைக் கவிழ்த்து, மண்ணை மூடி, மேலே சருகையும் தூவினார். இவ்வளவு ஒழுங்காக இந்தக் காரியத்தைச் செய்த தமிழன் தனக்கு முன்னால் இருந்திருக்க மாட்டான் என்று அவருக்கு ஒரு பெருமிதம்.

விடிந்ததும் பார்த்தால் குழி துடைத்து வைத்த மாதிரி கிடந்தது. பெட்டி நிறைந்திருந்தது. நீல மருந்தின் நிறம்கூட மாறவில்லை.

தான்தான் கொட்ட மறந்துவிட்டோம் என்று திரவியம் தீர்மானித்தார், வயது ஆகிறதல்லவா. மறுபடி, இன்னும் ஆழமாக வெட்டினார். மறுநாளும் பழைய குருடி கதவைத் திறடி என்று பெட்டி நிறைந்து நின்றது. பாத்திரம் கழுவிய தண்ணீர் மணலில் இறங்காமல் பாய் விரித்தாற்போலக் கிடந்து, காலையில் வாளிக்குத் திரும்பியது. ஆண்பிள்ளைத்தனமாக மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிப் பார்த்தார், அதுவும் வந்து சேர்ந்தது. பெட்டி கொள்ளாதது பக்கத்தில் வாளியில் வந்து நின்றது, மூடி போட்டு, ஒரு சொட்டு கீழே சிந்தாமல். பிறகு பெட்டியை வண்டியோடு டவுனுக்குக் கொண்டுபோய் ஒரு பெட்ரோல் பங்கு கக்கூஸில் கொட்டி, மூன்று தண்ணீர் ஊற்றி அலசி, விட்டது சனி என்று திரும்பி வந்தார். சனி விடிவதற்குள் திரும்பி வந்திருந்தது.

இதற்குள் ஊருக்கு இது பழகிவிட்டது. காலையில் பனையேற்றுக்குப் போகிறவர்கள் வண்டியைக் கடக்கும்போது, பஸ் வந்துவிட்டதா என்று கேட்கிற தோரணையில் "அண்ணாச்சி, வந்துட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஆடு மேய்க்கிற பெண்கள் நிழலுக்காகப் பெட்டிப் பக்கமாக உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். பெட்டியைத் தூக்கிப் பார்த்து, நேற்றைக்கு இன்றைக்குக் கனம் கூடியிருக்கிறதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். கணவன் வீட்டோடு கோபித்துக்கொண்டிருந்த ஒருத்தி, அவனுடைய சட்டையை இந்தக் குழியில் புதைத்தால் ஆள் அவன் அம்மாவிடம் திரும்பிப் போய்விடுவானா என்று வந்து கேட்டாள், அவன் உள்ளூர்க்காரன் என்பதால் மண் அவனை வைத்துக்கொள்ளும் என்று சொல்லி மற்றவர்கள் அவளை அனுப்பிவைத்தார்கள். திரவியம் இதையெல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கௌரவமாக ஓய்வெடுக்க வந்த மனிதர் ஓர் ஊருக்கே காட்சிப்பொருளாகிவிட்டதை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது.

சிரிப்பு அடங்கியது புஷ்பத்தின் டம்ளரைப் பார்த்தபோதுதான். காலையில் ஊற்றி வைத்த தண்ணீர் மத்தியானமும் அப்படியே இருந்தது. அவள் உதடு வெடித்திருந்தது.

"ஏன் குடிக்கல?"

"எனக்குத் தாகமில்ல" என்றாள் புஷ்பம்.

அந்த வார்த்தை அவரை அறைந்தது. இத்தனை செலவு, இத்தனை படம் பார்த்துப் படித்த படிப்பு, இரண்டு தடவை வந்துபோன பெயின்டர், எல்லாம் சேர்ந்து அவளை மறுபடியும் அதே வேளாங்கண்ணி பஸ்ஸில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறது. "லே திரவியம், நீ கட்டினது வீடு இல்லலே, இன்னொரு பஸ்ஸு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அவர் மாசானமுத்துவின் டீக்கடைக்கு நடந்தார்.

டீக்கடையில் மாசானமுத்துவும், சுள்ளிக் கட்டை இறக்கி வைத்துவிட்டு சுடலைவடிவும் இருந்தார்கள். டீயை மட்டும் வேண்டாம் என்றுவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"எங்க மண்ணு அப்படித்தான் அண்ணாச்சி" என்றார் மாசானமுத்து, இன்றைக்குக் காற்று மேற்கே என்று சொல்லுகிற குரலில். "ஊருப் பொருளா இருந்தா வாங்கும். வெளியூர்ப் பொருளு வாங்காது. நீங்க குடிக்கது எந்த ஊரு தண்ணியோ, திங்கது எந்த ஊரு அரிசியோ. அது எப்படி இறங்கும்?"

"அப்ப நான் வண்டியை எடுத்துட்டு வேற ஊருக்குப் போயிருதேன்."

"போங்க. ஒரு தடவை எங்க மண்ணு கையில குடுத்துட்டா வழக்கு தீராது. நீங்க எங்க போனாலும் விடியையில பெட்டி நிறைஞ்சுதான் இருக்கும்."

"வேற பெட்டி வாங்குனா?"

"அதுலயும் நிறையும். புதுப் பெட்டி, நல்லா இருக்கும்."

சுடலைவடிவு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "நான் வாக்கப்பட்டு வந்த புதுசுல, அண்ணாச்சி, நான் கை கழுவுன தண்ணிகூட இறங்காது. அப்படியே நிக்கும், என் மூஞ்சியே அதுல தெரியும். அழுவேன். பொறவு வீட்டுக்கு ஒரு நாளுன்னு ஊரு பூரா சோறு போட்டாங்க, கிணத்துத் தண்ணி குடுத்தாங்க. நம்ம தண்ணி உடம்புல ஓடுனா ஆளும் நம்ம ஊராளு. பழசு எல்லாம் சேந்து இறங்கிரும்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"அன்னைக்கே தண்ணி கொண்டுவந்தேனே அண்ணாச்சி."

திரவியம் வண்டி நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு தடவைதான் நாங்க கேப்போம்" என்றாள் அவள். "வேண்டாம்னு சொன்ன வாய்தான் திரும்பக் கேக்கணும். அது இங்க வழக்கம். வம்படியா ஊட்டுனா சோத்துக்கு மரியாதை இல்ல."

"புஷ்பம் வந்து கேட்டா?"

"மதினி கேக்க முடியாது. அவுக வேண்டாம்னு சொல்லலியே. நான் சொம்பை நீட்டுனப்ப அவுக கையைக் கொண்டுவரத்தான் செஞ்சாக. நீங்க பேச ஆரம்பிச்சதும் கையை மடக்கிக்கிட்டாக."

அதை அவர் பார்க்கவில்லை. விளக்கைப் போட்டுக் காட்டுகிற மும்முரத்தில், பக்கத்தில் நின்றவளின் கை நீண்டதும் மடங்கியதும் அவர் கண்ணில் படவில்லை. எத்தனை பயணத்தில் எத்தனை தடவை அந்தக் கை இப்படி மடங்கியிருக்கும் என்று யோசித்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

ஆனாலும் கேட்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. வண்டிக்குத் திரும்பிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, காலியான சொம்பைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி தாங்க" என்று சொல்லிப் பார்த்தார்; கடையில் வேலையாளுக்கு உத்தரவு போடுவது போல வந்தது. "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா" என்றார். அது பேட்டி காணுவது போல இருந்தது. கடைசியில் சுடலைவடிவின் முற்றத்தில் போய் நின்றபோது அவர் வாயிலிருந்து வந்தது, "உங்க கிணத்துத் தண்ணியில உப்பு அளவு எவ்வளவும்மா?" என்பதுதான். சட்டைப்பையில் தண்ணீரைச் சோதிக்கிற கருவியை வைத்திருந்தார், பேனா மாதிரி இருக்கும். பழக்கதோஷத்தில் அதை வெளியே எடுத்தும் விட்டார்.

"தெரியாது அண்ணாச்சி" என்றாள் சுடலைவடிவு. திண்டாடட்டும் என்று முறத்தில் உளுந்தைப் புடைக்க ஆரம்பித்தாள்.

திரவியம் கருவியைப் பைக்குள் போட்டார். மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொள்ள அங்கே இடமில்லை. மீசை, மூக்கு, நெற்றி எல்லாவற்றிலும் ஒட்டியிருந்தது.

"அம்மா, அன்னைக்கு வேண்டாம்னு சொன்னது தப்பு. என் வீட்டுக்காரிக்குத் தாகமா இருக்கு. தண்ணி தாங்க."

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு உடனே எழுந்தாள்.

அன்று முதல் ஊர் அவர்களைச் சாப்பிட வைக்க ஆரம்பித்தது. ஒரு வீட்டில் கருப்பட்டிக் காப்பி, ஒரு வீட்டில் கம்பங்கஞ்சியும் சுட்ட கருவாடும், ஒரு வீட்டில் அவித்த பனங்கிழங்கு, ஒரு வீட்டில் மாங்காய் போட்ட மீன்குழம்பு, எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர். சர்க்கரை வியாதி, ரத்தக்கொதிப்பு என்று திரவியம் காட்டிய காரணம் ஒன்றையும் ஒருவரும் காதில் வாங்கவில்லை. காலையில் பெட்டியைத் திறக்கும் நேரத்துக்கு ஒரு கூட்டம் கூடும்; நேற்று சோறு போட்ட வீட்டுக்காரி முன்வரிசையில் நிற்பாள், தன் குழம்பில் மண் மசிந்திருக்கும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை, மசியவில்லை என்றால் உப்பு குறைவாகப் போட்டாள் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

ஒரு நாள் பெட்டி பாதியாக இருந்தது. ஊரே கைதட்டியது. மீன்குழம்பு வீட்டுக்காரி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

புஷ்பம் எட்டிப் பார்த்துவிட்டு, "என் பங்கு இறங்கிட்டு. இது உங்களுது" என்றாள்.

மறுநாளும் அதே பாதி. அதற்கடுத்த நாளும் அதே பாதி. பெண்டாட்டியை ஏற்றுக்கொண்ட மண் தன்னை மட்டும் வாசலில் நிற்க வைத்திருப்பதைத் திரவியம் முதலில் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார், பிறகு எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் புஷ்பம் மறுபடி கணக்காகக் குடிக்க ஆரம்பித்திருந்தாள். பாதிப் பெட்டிக்கு ஏற்ற பாதி டம்ளர்.

மாசானமுத்து அவரைத் தனியே கூப்பிட்டார். "அண்ணாச்சி, கோவப்படாதிய. எங்க வீட்டுச் சோத்தைத் திங்கிய. எங்க தண்ணியைக் குடிக்கிய. அதுக்கு மேல வண்டிக்குள்ள போயி என்னத்தக் குடிக்கிய?"

திரவியம் தலையைச் சொறிந்தார். ஒவ்வொரு வீட்டிலும் குடித்துவிட்டு வந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று, தொட்டியிலிருந்து ஒரு டம்ளர் சுத்தத் தண்ணீர் குடித்து வயிற்றை அலசிக்கொண்டிருந்தார். புஷ்பத்துக்குக்கூடத் தெரியாது. மண்ணுக்குத் தெரிந்திருந்தது.

தொட்டியைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. கீழே ஊற்றினால் திரும்பி வரும், வீணாக்கவும் மனமில்லை. ஊர் அடுப்பில் ஏறி ஊராள் வயிற்றுக்குப் போனால் எந்தத் தண்ணீரும் ஊர்த் தண்ணீர்தான் என்று மாசானமுத்துதான் வழி சொன்னார். குடம் குடமாகப் பிடித்து டீக்கடை அண்டாவில் ஊற்றினார்கள், அன்று ஊரே அந்தத் தண்ணீரில் போட்ட டீயைக் குடித்தது. அவர் பெருமையாகச் சொல்லித் திரிந்த தண்ணீர் அது. குடித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சப்புன்னு இருக்கே அண்ணாச்சி" என்றார் மாசானமுத்து, "இதுக்கா இவ்வளவு பாடு?" திரவியமும் ஒரு கிளாஸ் குடித்துப் பார்த்தார். சப்பென்றுதான் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. கழுவிக் காயவைத்த மாதிரி இருந்தது, அடியில் ஒரு பிடி செம்மணல் மட்டும் கிடந்தது. யாருடைய சாப்பாட்டில் இது நடந்தது என்ற வழக்கு கூவைத்தேரியில் இன்னும் தீரவில்லை. மீன்குழம்புக்காரிக்கும் கருவாட்டுக்காரிக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது என்று கேள்வி.

கிளம்புகிற நாளில் பெண்கள் வரிசையாக நின்று தேரிக் கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக வண்டித் தொட்டியில் ஊற்றினார்கள். திரவியம் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு வண்டியின் முதுகுக்குப் போனார், எழுத்தைச் சுரண்டிவிடலாம் என்று.

"இருக்கட்டும் அண்ணாச்சி" என்றாள் சுடலைவடிவு. "நல்ல பெயின்ட்டு. கையை நீட்டுனாத்தான உதவி வருது, சரியாத்தான் எழுதியிருக்கு."

பிறகு அவள் வழக்கப்படி சொம்பை நீட்டினாள். திரவியம் வாயைத் திறக்கவில்லை. இறுக்கி மூடிக்கொண்டு, புஷ்பத்தின் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கை நீண்டது. சொம்பை வாங்கியது. புஷ்பம் தலையை அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்க, கழுத்தில் வழிந்ததைத் துடைக்காமல், கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பயணம் கிளம்புகிற காலையில் அவள் தண்ணீர் குடித்து அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கண் கலங்கியதை மறைக்க அவர் அவசரமாக ஓட்டுநர் இருக்கையில் ஏறி, வண்டியைக் கிளப்பினார்.

"கொஞ்சம் பொறுங்க, என்ன அவசரம்?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. "இன்னொரு சொம்பு குடிச்சிட்டு வாரேன்."

திரவியம் எஞ்சினை அணைத்தார்.